214 கோடிச் சொச்சம்

கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று துருவும் பெரியம்மாக்களைத் தோற்கடிக்க இவ்வுலகில் ஒரே ஒரு கூட்டம்தான் உண்டு: எண்ணியல்காரர்கள். எண் ஒன்று கண்ணில் பட்டால் குலம் கோத்திரம் விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

2147483647 பாவம், அவர்களிடம் வசமாக மாட்டியது. 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இப்படிப் பிறக்கும் மெர்சென் பகா எண்களில் எட்டாவது, குலத்தில் பழுதில்லை. அடுக்கில் நிற்கும் 31-ம் மெர்சென் பகா எண்தான். அப்புறம் கூடப்பிறப்பு உண்டா என்று பார்த்தார்கள். இரண்டு தள்ளி இந்தப் பக்கம் இருப்பது 5-ஆல் வகுபடுகிறது, அந்தப் பக்கம் இருப்பது 3-ஆல். ஆகவே இரட்டைப் பகா எண் இல்லை. இருமடங்காக்கி ஒன்று கூட்டியும் பகா எண் வந்தால் சோஃபி ஜெர்மைன் பகா எண் என்ற பட்டமாவது கிடைக்கும். வந்ததோ 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து துண்டாகச் சிதறுகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 46, பிறகு 10, கடைசியில் 1. நம்மூர் எண்கணித ஜோதிடர் மட்டும் சூரியன் எண் என்று மகிழ்வார்.

இது பகா எண்ணே என்று 1772-இல் காட்டியவர் கணிதமேதை ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வழக்கமான வழியில் 46340 வரையுள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இதை வகுக்கும் பகா எண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63தான் வரும் என்று கண்டு, 372 வகுத்தலுக்குள் வேலையை அடக்கினார். கண் தெரிந்த நாம் ஹோட்டல் பில்லை மூன்று பேருக்குப் பங்கிட செல்பேசியைத் தேடுகிறோம்.

இந்தப் பகா எண்ணிலிருந்து 19 இலக்க நிறைவெண் (தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்) ஒன்று பிறக்கிறது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் காணப்போவதில்லை, பயனில்லாத காரியத்துக்கு எவர் மெனக்கெடுவார் என்று 1811-இல் எழுதினார் கணிதர் பீட்டர் பார்லோ. வேலையற்ற வேலையில் மனிதனுக்குள்ள ருசியை அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார். 1876-இல் கணிதர் லூக்கா 39 இலக்க மெர்சென் பகா எண்ணோடும் அதற்குரிய நிறைவெண்ணோடும் வந்து நின்றார்.

பயன் வேறு திசையிலிருந்து வந்தது. கூட்டல் கழித்தல் குறியோடு 32 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு எண் நம் 2147483647தான். எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது, செல்பேசி எண்ணுக்கு அந்த 32 பிட் இடத்தையே ஒதுக்கிவிட்டார். நம் எண்களோ 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கத்தில் தொடங்குபவை. அடங்காததையெல்லாம் கணினி உச்சவரம்பில் வெட்டியது. மறுநாள் சங்கத் தலைவர் முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லாருக்கும் ஒரே எண்: 2147483647. சமத்துவம் இவ்வளவு சீக்கிரம் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 214 என்பது அமெரிக்காவில் டல்லஸ் வட்டாரத்தின் தொலைபேசிக் குறியீடு. பராமரிப்புக் கட்டண பாக்கிக்கு அங்கே யாரையும் எழுப்பாமல் விட்டோமே, அது போதும்.

பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. குறியோடு 32 பிட்டில் எண்ணுபவற்றுக்கு இந்த எண் நிறைவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8:44:07. அடுத்த விநாடி எண் கழித்தல் குறிக்குப் புரண்டு, அவை கிரீன்விச் கணக்கில் 1901 டிசம்பர் 13-க்குத் தாவிவிடும். பாரதியாருக்கு 19 வயது முடிந்து அப்போது இரண்டே நாள். செவ்வாயன்று எமகண்டம் 9 மணிக்குத்தான் ஆரம்பம். கணினிக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே பிடித்துக்கொள்கிறது.