கோப்பு வேண்டி எழுதும் ஓலை: சீட்டுக்கவியின் கடைசிக் கிளை குறித்து ஓர் ஆய்வு

புலவன் தன் பெருமையை விரிவாகப் பாடி, வாலில் தன் தேவையைச் சொருகி, வள்ளலுக்கு ஓலை அனுப்புவது சீட்டுக்கவி. அந்தகக்கவி வீரராகவ முதலியார் இதில் கைதேர்ந்தவர். 1919-இல் பாரதி எட்டயபுரம் அரசருக்கு எழுதியதோடு இம்மரபு அற்றுப்போயிற்று என்பாரும் உளர். அது பொருந்தாது. 1985-இல் அமெரிக்காவில் அது மீண்டும் துளிர்த்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. துளிர்த்த இடம் கணிதத் துறையாகையால் தமிழ்த் துறைகள் கண்டுகொள்ளவில்லை.

ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஜாக் டொங்காராவும் பெல் ஆய்வகத்தின் எரிக் கிராஸும் அவ்வாண்டில் நெட்லிப் என்ற கணித மென்பொருள் கிடங்கைத் திறந்தார்கள். அன்று கோப்பு வேண்டுவோர் அதன் முகவரிக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். அதைப் படிப்பது ஆளல்ல, நிரல். கேட்டது மறுமடலில் வரும். அரசர் உறங்குகிறார், அமைச்சரைப் பாருங்கள் என்ற பேச்சே கிடையாது.

யாப்பு எளிது. ‘சென்ட் இண்டெக்ஸ்’ என்று இரண்டே சீரில் பாடினால் கிடங்கின் பட்டியல் வரும். ‘சென்ட் டிஜிஇசிஓ ஃப்ரம் லின்பேக்’ என்றால் லின்பேக் தொகுப்பிலுள்ள அந்த நிரல்கூறு வரும். கூடவே, அது வேலை செய்ய எந்தெந்த நிரல்கூறுகளை அழைக்கிறதோ அவையும் வரும். யானை கேட்ட புலவனுக்குப் பாகன், அங்குசம், ஒரு மாதத் தீவனம் எல்லாம் சேர்த்துக் கொடுத்த வள்ளலைச் சங்கப் பாட்டில்கூட நான் கண்டதில்லை. பாகன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ‘சென்ட் ஒன்லி’ என்று தொடங்க வேண்டும். யானை தனியே வரும்.

நெட்லிப் தன் பண்டசாலையிலிருந்து கொடுத்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இயங்கிய எஃப்டிபி-மெயிலோ பிறர் பண்டசாலைக்குப் போய் வாங்கிவந்து தரும். ‘கனெக்ட்’ என்று வள்ளலின் ஊரையும், ‘கெட்’ என்று பொருளின் பெயரையும் எழுதினால் போதும். அந்நாளில் டாஸ் மென்பொருள்களின் பெருங்கிடங்கான சிம்டெல்-20 கணினி, நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் இருந்தது. ஏவுகணைத் தளத்திடம் பரிசில் கேட்கும் துணிவு பண்டைப் புலவர் எவருக்கும் வாய்க்கவில்லை.

இனி, இவ்வகையின் தனி இலக்கணம். சீட்டுக்கவியில் தற்புகழ்ச்சி முதலில் வரும். மின்மடலில் அது கையொப்பமாகக் கடைசியில் வரும்: பெயர், பட்டங்கள், துறை, தொலைபேசி எண், போதாக்குறைக்கு ஒரு பொன்மொழி. பழைய வள்ளல் அதைக் கேட்டு மகிழ்ந்தார். புதிய வள்ளல் ஒவ்வொரு வரியையும் கட்டளை என்று எண்ணி, ‘முனைவர்’ என்ற கட்டளை எனக்குத் தெரியாது என்பதுபோல் பதில் எழுதினார். ஆகவேதான் எஃப்டிபி-மெயிலில் ‘குவிட்’ என்ற சொல் விதிக்கப்பட்டது. அதற்குக் கீழே என்ன எழுதினாலும் வள்ளல் படிக்கமாட்டார். புகழ்ச்சியின் முன் ஒரு சுவரெழுப்பிய முதல் யாப்பு இதுவே. ‘ஐயா’, ‘தயவுசெய்து’ முதலிய அசைகளும் வழுவாகும்.

பரிசிலைச் சுமந்துவருவதில்தான் உண்மையான சிக்கல். நெட்லிப்பின் ஃபோர்ட்ரான் நிரல்கள் வெறும் எழுத்தாகையால் நலமாக ஊர் வந்து சேர்ந்தன. இருமக் கோப்புகளை அந்நாளைய மின்னஞ்சல் ஏற்காது. அவற்றுக்கு எழுத்து வேடம் கட்ட வேண்டும். 1980-இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயூஎன்கோட் மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்கும். முழுமையான ஒவ்வொரு வரியும் ‘எம்’ என்ற எழுத்தில்தான் தொடங்கும். இத்தகைய முதலெழுத்து ஒற்றுமை எந்தச் சித்திரகவியிலும் இல்லை, பொருள்தான் விளங்காது.

இவ்வாறு ஒரு மெகாபைட் கோப்பு ஏறத்தாழ பதினான்கரை லட்சம் எழுத்தாக வீங்கும். ஒரு மடலுக்கு 64,000 எழுத்து என்று நறுக்கினால் 23 மடல்கள். 1200 பாட் மோடத்தில் அவை வந்து சேரக் கணக்குப்படி 3 மணி 20 நிமிடம், அதுவும் யாரோ ஒருவருடைய வெளியூர்த் தொலைபேசிக் கட்டணத்தில். பரிசிலை வள்ளல் கொடுக்க, வண்டிக் கூலியை வழிப்போக்கன் கொடுத்த காலம் அது.

மடல்கள் வரிசைப்படி வருவதில்லை. வழியிலுள்ள கணினிகள் சில வரிக்கடைசி வெற்றிடங்களைத் தின்றுவிடும். பிட்நெட் என்ற வலையமைப்பின் ஐபிஎம் கணினிகள் எழுத்துகளைத் தம் குறிமுறைக்கு மாற்றும்போது சிலவற்றைத் திரித்துவிடும். அந்நாளைய பயனர் செய்தது சுத்தமான சுவடிப் பதிப்பு வேலை: தலைப்பு வரிகளை வெட்டி, ஏடுகளை வரிசைப்படுத்தி, பாடபேதம் நீக்கி, பிறகு அவிழ்க்க வேண்டும். ஒரே வேறுபாடு உண்டு. சுவடியில் 17-ஆம் ஏடு கிடைக்காவிட்டால் அவ்விடத்தில் புள்ளியிட்டு அச்சிட்டு, முனைவர் பட்டமும் பெறலாம். 17-ஆம் மடலுக்குப் புள்ளியிட்டவர்களுக்கு அவிழ்ப்பு நிரல் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை.