கெட்டிக்காரத் தம்பிக்கு

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் சுற்றுவட்டாரத்திலேயே, உன்னைப்போல் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை கிடையாது தம்பி. கனடாவில் சொந்த லாரி ஓட்டுகிறாய் என்று கேட்டபோதே நினைத்தேன், வரிக்காரனிடம் நீ ஒரு காசு ஏமாற மாட்டாய் என்று. ஏமாறவில்லை. டீசல், போன், வீட்டு வாடகையில் பாதி, எல்லாவற்றையும் தொழில் செலவில் எழுதினாய். ரொக்கமாக வந்ததை எழுதவே இல்லை. யானை அளவு வருமானத்தைச் சுண்டைக்காயாக்கும் அந்தக் கைவண்ணம் எத்தனை பேருக்கு வரும்!

மனைவியை அழைத்தபோது அதனால் தொல்லை வரவில்லை. மனைவிக்கு அந்த நாடு பொதுவாக வருமான வரம்பு வைப்பதில்லை. தாய் தகப்பனுக்கு வைத்திருக்கிறது. முந்தைய 3 வரி ஆண்டுகளிலும், ஒன்றுகூடத் தப்பாமல், குடும்பத்தின் தலைகளுக்கேற்ற தொகை இருக்க வேண்டும். வரித்துறையின் மதிப்பீட்டு அறிவிப்பில் 15000 என்று எண்ணிட்ட வரியைப் பார்ப்பார்கள். செலவு போக நீ காட்டிய மிச்சம்தான் அங்கே நிற்கும். கட்டும் வரியைக் குறைக்க அந்த வரியைக் குறைத்த மதியூகி நீ.

அம்மாவை அழைக்க 2020-இல் பெயர் கொடுத்தாய். அதன்பிறகு புதுப் பெயர் வாங்காமல் அந்தப் பட்டியலிலிருந்தே ஆண்டுதோறும் குலுக்கினார்கள். 2024-இல் உனக்கு விழுந்தது. அம்மா பௌர்ணமியன்று 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தார். கேட்டால் கொடுக்கலாமே என்று இ-சேவை மையத்தில் தன் வருமானச் சான்றுகூட வாங்கி மடித்து வைத்திருந்தார். அவர்கள் கேட்டது உன்னுடைய 2021, 2022, 2023.

20 ஆண்டுகள் அம்மாவைத் தாங்குவேன் என்று நீ கையெழுத்திட வேண்டும். தாங்க வக்கில்லை என்று அதற்கு முன்பே 3 தடவை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாய். சொன்ன சொல் மாறாத பிள்ளை!

அம்மாவுக்கு வருகிற தையில் 72. சூப்பர் விசா இருக்கிறது. ஒரு தடவை போனால் 5 ஆண்டுகள் வரை உன்னோடு தங்கலாம். அதற்கும் பிள்ளையின் வருமானத்தைப் பார்க்கிறார்கள். தம்பி, பழைய கணக்கைத் திருத்திப் பாக்கி வரியைக் கட்டிவிடு. இந்த ஆண்டுக் கணக்கையாவது உள்ளது உள்ளபடி எழுது.