23-வது தீர்த்தம்

கேள்வி: இராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஓட்டம்தான். சம்பளமோ பத்தாம் தேதிக்கு மேல் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், இராமேஸ்வரம்

பதில்: கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடினால் பாவம் தீரும் என்பார்கள். சம்பளக் குறை தீர 23-வதாக ஒன்று உண்டு: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம்!

விடுதி, உணவகம், கடை என்று தொழில்வாரியாகக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிப்பது தமிழக அரசு. அதிலுள்ள அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். கிடைப்பது அதற்கும் குறைவா? 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், அப்படி வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றது உச்ச நீதிமன்றம். அதனால் புகாருக்குச் சான்றாக வருகை, வேலை நேரம், வாங்கிய தொகை மூன்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்க வேண்டும்.

தனியாகப் போகத் தயக்கமா? பக்கத்துப் பாம்பன் சின்னப்பாலத்தைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது; விலை வியாபாரி சொல்வதுதான். வளைகுடாத் தீவுகள் பக்கம் போனால் வனத்துறையின் தடை வேறு. அவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டு அதிகாரிகளிடம் நேரே பேசினார்கள். பாசி அழியாதிருக்க, பறிக்கும் நாட்களையும் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அவர்களை வழிநடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் விருது கிடைத்தது.

அவர்களைப் போலவே, உங்கள் விடுதியில் துணி துவைப்பவர், சமைப்பவர், காவலாளி ஆகியோரின் சம்பளத்தையும் கேட்டு அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளலாம். தொழிலாளர் உதவி ஆணையருக்குத் தரும் மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போடலாம்.