தண்ணீர் ஆலையில் தீ

நாலு பக்கமும் கடல். நடுவில் லட்சம் பேருக்குமேல் குடியிருக்கும் மாலத்தீவின் தலைநகர் மாலே. அங்கே 2014 டிசம்பர் 4 அன்று தீப்பிடித்த இடம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.

குழாயைத் திறந்தால் வெறும் காற்று. கடைகளில் பாட்டில் தண்ணீருக்குத் தள்ளுமுள்ளு. இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியது. கூடவே, கடல்நீரைச் சுத்திகரிக்கும் வசதியோடு ஐஎன்எஸ் சுகன்யா கப்பலும் போய் நின்றது.

ஆலை ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல், டீசல் கப்பலில் வரவேண்டும். அரிசியும் அப்படித்தான். ஆக, நீர், எரிசக்தி, உணவு என மூன்று துறைக்கும் தனித்தனித் திட்டம் எதற்கு? துறைமுகத்தில் நாற்காலி போட்டு, அடுத்த கப்பல் எப்போது என்று பார்க்க ஓர் ஆள் போதும்.

மழை மட்டும் கப்பல் ஏறாமல் வருகிறது. வெளித்தீவுகள் பலவற்றில் அதைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். கோடை முற்றித் தொட்டி காய்ந்த ஆண்டுகளில், அவர்களுக்கும் படகில்தான் தண்ணீர் போனது.