கல் இருக்கும்

சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கூட்டத்துக்காக வளைந்துகொடுத்து எழுதக்கூடாது என்ற வைராக்கியம். எனக்கும் அதே வைராக்கியம்தான். நான் எதையும் அறிவிக்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். என் நாவல் 300 பிரதி அச்சானது. அதற்கு மேல் போகாமல் வாசகர்களே பார்த்துக்கொண்டார்கள். மீந்த கட்டுகள் ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டுப் பரணில், சாமை மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. எலிகூடச் சாமைப் பக்கம்தான் போகிறது. வெகுஜன ரசனை!

செல்லப்பா தன் புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எனக்குத் தோள்வலி. ஆகவே என் இலக்கியக் கொள்கையைச் சுமப்பது என் மனைவி. அவள் சாமையைப் புடைத்து, பாக்கெட் போட்டு, கோடை விழாவுக்கு வரும் கார்க்காரர்களிடம் விற்கிறாள். அந்தப் பணத்தில்தான் நான் யாருக்கும் விலைபோகாமல் இருக்கிறேன்.

இந்த நிலையில் விடுதிக்காரர் ஒருவர் வந்து, தன் விடுதிக்கு விளம்பரம் எழுதித் தரக் கேட்டார். வார்த்தைக்கு 2 ரூபாய். “நான் கலைஞன்” என்றேன். “தெரியும் சார், அதனாலதான் 2 ரூபா. இல்லாட்டி ஒண்ணு” என்றார்.

வார்த்தைக் கணக்கில் கூலி என்றதும் எனக்குள் ஒரு ரசவாதம் நடந்தது. சொற்சிக்கனத்துக்குப் பேர்போனவன் நான் (பேர் வைத்தவனும் நானே). ‘பீமன் அருவி’ என்று இரண்டு சொல்லில் முடியவேண்டியது, ‘வெள்ளை வெளேரென்று, பாலாய், பனியாய், பளிங்காய்ப் பொங்கிப் பெருகிவரும் பீமன் அருவி’ என்று வீங்கியது. மழை பெய்தால்தான் அது பொங்கும் என்பதை எழுதவில்லை. அதற்கும் காசு கிடைத்திருக்கும். ஆனாலும் கலைக் கட்டுப்பாடு வேண்டாமா? காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வைத்துப் பார்ப்பதை, இந்த விடுதிச் சன்னலைத் திறந்தாலே பார்க்கலாம் என்று ஒரு போடு போட்டேன்.

கை சூடாக இருந்ததால், சாமைப் பாக்கெட்டுக்கும் ஒரு வாசகம் எழுதினேன்: ‘சர்க்கரையை ஓட ஓட விரட்டும், முன்னோர் கண்ட மூலிகைத் தானியம்!’

மனைவி வாசித்தாள். “ஏங்க, இத நம்பி எவனாவது மாத்திரைய நிறுத்திட்டா?” என்றாள். சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அவளே எழுதினாள்: ‘சாமை அரிசி. கல் இருக்கும். அரித்துச் சமைக்கவும்.’

கல் இருக்கும் என்று சொல்லி அரிசி விற்கும் ஆளை நான் அதுவரை கண்டதில்லை. சனி, ஞாயிறில் அத்தனை பாக்கெட்டும் போய்விட்டன. “இவ்வளவு நேரா சொல்றாங்களே” என்று சென்னைக்காரர் ஒருவர் மூன்று கூடுதலாக வாங்கினார்.

விடுதிக்காரரும் ஒன்று வாங்கினார். சீட்டைப் பார்த்தவர், “இத எழுதினது யாரு சார்? அவங்களையே எழுதச் சொல்லுங்க. வார்த்தைக்கு 5 ரூபா” என்றார்.

நான் உள்ளே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஆறு வார்த்தைக்கு முப்பது ரூபா. அந்த நேரத்துல நான் ரெண்டு படி புடைச்சிடுவேன். நீங்களே எழுதிக் குடுங்க, நீங்க சும்மாதான இருக்கீங்க.”