தாளும் செவியும்: ‘பொன்னியின் செல்வ’னை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழ் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு பூசல் நிலவுகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகங்களையும் புத்தகமாகப் படித்து முடித்தவர்கள் தாள் கட்சியார். அதையே ஒலிநூலாகக் காதில் மாட்டிக்கொண்டு முடித்தவர்கள் செவிக் கட்சியார். கும்பாபிஷேகத்தை டிவியில் பார்த்துவிட்டுப் புண்ணியத்தில் பங்கு கேட்பவரைப் பார்ப்பதுபோல் முன்னவர் பின்னவரைப் பார்க்கிறார்கள். இப்பூசலைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம்: அடுப்படி, நடைப்பயிற்சிப் பாதை, மின்சார ரயில். ஆய்வு எல்லை: ஆய்வாளர் விழித்திருந்த பொழுதுகள்.

2. முன்னோர் நிலைப்பாடு

திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. கேள்விக்கு அடுத்து நிற்பது அறிவுடைமையே என்று செவிக் கட்சியார் மார்தட்டுவர். அற்றேல், கேள்விக்கு முன்னே நிற்பது எது எனின், கல்லாமை என்க. இவ்விடத்தில் வள்ளுவர் இரு கட்சிக்கும் சமமாகப் படியளந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மேலைநாட்டில் எடிசன் 1877இல் ஒலிவரைவியைக் கண்டார். அதன் பயன்களை மறு ஆண்டு பட்டியலிட்டபோதே, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் சேர்த்துக்கொண்டார். ஆகவே செவிக் கட்சி நேற்று முளைத்ததன்று.

தமிழ்ச் சான்று இன்னும் வலியது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. வீட்டுக்கு ஒரு பிரதி; காத்திருப்போரோ பலர். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, பாட்டிமார் அரிசியில் கல் பொறுக்கினார்கள். கடினமான சொல் வந்தால் பிள்ளை அதைத் தாண்டிச் சென்றது. சுருக்கப் பதிப்பின் தோற்றம் இதுவே. அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளே இன்று தாள் கட்சியின் முன்னணித் தலைவர்கள் என்பது குறிக்கத்தக்கது.

3. கண்டறிந்தவை

3.1 தூக்க விதி: படிப்பவர் தூங்கினால் புத்தகம் மார்பில் கவிழும், கதை அங்கேயே நிற்கும். கேட்பவர் தூங்கினால் கதை நிற்காது. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் இருக்கையில் கண்ணயர்ந்தவர், அவன் இலங்கைக் காட்டில் அலைகையில் விழிக்கிறார். இடையே பூங்குழலி படகு வலித்ததெல்லாம் குறட்டையில் கரைந்தது. தாள் கட்சியார் இதற்கு நகைப்பர். ஆனால் கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று மனம் கணக்குப் போட, கண் மட்டும் பக்கங்களைக் கடந்துபோவது விழித்துக்கொண்டே தூங்குவதன்றோ?

3.2 தாவல் விதி: கல்கி கதையை நிறுத்திவிட்டு விஜயாலய சோழர் காலத்துக்கு அழைத்துச் செல்லும் இடங்களில், தாள் கட்சியாரின் கட்டைவிரல் தானாக அடுத்த பக்கத்தைத் தேடுகிறது. செவிக் கட்சியாருக்கு அந்த வசதி குறைவு. கையில் தோசை மாவு ஒட்டியிருப்பதால் போனைத் தொட முடியாது. எனவே சோழர் வரலாற்றை முழுமையாக அறிந்தோர் தோசை சுடுவோரே.

3.3 முக விதி: தொடரில் மணியம் வரைந்த ஓவியங்களால் தாள் கட்சியாருக்கு நந்தினியின் கொண்டைவரை தெரியும். கேட்பவருக்குக் குரல்தான் முகம். ஒரே ஆண் குரல் முழு நூலையும் வாசித்தால், குந்தவையும் நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும் ஒரே தொண்டையில் குடித்தனம் நடத்த வேண்டியதாகிறது.

3.4 வேக விதி: ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். வந்தியத்தேவன் குதிரைக்கு இது நல்லது. ஆழ்வார்க்கடியான் பேச்சில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

3.5 கண்ணீர் விதி: மணிமேகலை உயிர்விடும் இடத்தில் இரு கட்சியாரும் அழுகிறார்கள். எனினும் செவிக் கட்சியார் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தமையால், அவர்தம் கண்ணீர் சான்றாக ஏற்கப்படவில்லை.

4. இறுதித் தேர்வு

இரு கட்சியாரிடமும் ஒரே வினா வைக்கப்பட்டது: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? தாள் கட்சியார் ஐந்தாம் பாகம்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சண்டையிட்டனர். செவிக் கட்சியார் பின்னோக்கி ஓட்டிக் கேட்டுவிட்டு அதே சண்டையைச் சற்று உரக்கப் போட்டனர். கல்கி அந்த முடிச்சை வேண்டுமென்றே அவிழ்க்காமல் விட்டதால் இரு கட்சிக்கும் சம மதிப்பெண்.

இந்நிலையில் மூன்றாம் கட்சி ஒன்று குறுக்கிட்டது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்தம் கூட்டத்தார் நிலங்களையும் அது பேசுகிறது. தாளும் செவியும் சொல்லத் தயங்கியதைக் கல் போட்டு உடைத்தது. தாள் கட்சியார் உடனே இதைத் தம் வெற்றியாக அறிவித்தனர், எழுத்தில் இருப்பதல்லவா!

5. முடிவு

அக்கல்வெட்டை நேரில் நின்று நீங்கள் வாசித்தீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. பத்தாம் நூற்றாண்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் அக்கூட்டத்தில் இல்லை. படித்த அறிஞர் சொன்னார், அதைக் கேட்ட ஒருவர் சொற்பொழிவில் சொன்னார், அதைத் தாங்கள் கேட்டதாக ஒப்புக்கொண்டனர். ஆதலால் தாள் கட்சியார் அனைவரும் இன்றுமுதல் செவிக் கட்சியின் ஆயுட்கால உறுப்பினர்களாகக் கருதப்படுவர் என்க.