விலை ராத்திரி தெரியும்

என் மாமனார் பேரம் பேசாமல் வாங்கியது அரசுப் பேருந்து டிக்கெட் ஒன்றைத்தான் என்று வீட்டில் சொல்வார்கள். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் அவர் தலை தெரிந்தாலே வெங்காயக்காரர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டித்தான் ஆரம்பிப்பாராம். அவர் குறைப்பதற்கு இடம் விட வேண்டுமே!

அப்பேர்ப்பட்டவர், பணி ஓய்வில் வந்த பணத்தில் கொஞ்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட முடிவெடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"யூனிட் என்ன விலை மாப்பிள்ளை?"

"ராத்திரி சொல்வாங்க மாமா."

"காசு எப்பக் குடுக்கணும்?"

"மத்தியானம் 3 மணிக்குள்ள."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "விலை கேக்காமக் காசு போடுறது உண்டியல்ல மட்டுந்தான். அதுலயும் எதிர்க்க சாமி நிக்கும்."

செல்போனில் ஒரு விலை தெரிகிறதே என்று காட்டினார். 84 ரூபாய் சொச்சம். அது நேற்றைய விலை. பங்குச் சந்தை 3.30-க்கு மூடிய பிறகுதான் ஃபண்ட்காரர்கள் கணக்கில் உட்கார்வார்கள். கையில் இருக்கும் பங்குகளை அன்றைய முடிவு விலையில் மதிப்பிட்டு, ரொக்கத்தையும் வர வேண்டிய பாக்கியையும் கூட்டி, கொடுக்க வேண்டியதையும் அன்றைய செலவையும் கழித்து, மீதியை மொத்த யூனிட்டுகளால் வகுப்பார்கள். வருவதுதான் என்.ஏ.வி. பெரும்பாலான ஃபண்டுகள் அதை இரவு 11 மணிக்குள் வெளியிட்டாக வேண்டும். நீங்கள் வாங்கிய விலையைத் தெரிந்துகொள்ளத் தூக்கம் கெட வேண்டும்.

"நேத்து விலைக்கே குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?"

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் சந்தை 3 சதவீதம் ஏறிவிட்டது என்று வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் நேற்றைய விலைக்கு உள்ளே வந்தால், அந்த 3 சதவீதம் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் பங்கிலிருந்துதான் போகும். அதனால்தான் அங்குள்ள பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், ஆர்டர் வந்த பிறகு கணக்கிடும் விலைதான் செல்லும் என்று 1968-இல் விதி போட்டது. விதி வந்தால் ஓட்டையும் வரும். சந்தை மூடிய பிறகும் அன்றைய விலைக்கே ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனம் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை வாங்கிக்கொண்டிருந்ததை 2003-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் அம்பலப்படுத்தினார். மாமா இந்தக் கதையை ஆர்வமாகக் கேட்டார். அவர் முகத்தில் இருந்தது கண்டனம் என்று சொல்ல முடியாது.

ஒரே இடத்தில் அவருக்கு ஆறுதல் கிடைத்தது. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டில் மத்தியானம் 1.30-க்குள் பணம் போய்ச் சேர்ந்தால் முந்தைய நாள் விலையே கிடைக்கும். "அப்படிப் போடு! அதை வாங்குவோம்" என்றார். அதில் நேற்றைக்கும் இன்றைக்கும் விலை அசைவது பைசாக் கணக்கில்தான் என்றேன். முகம் சுண்டிவிட்டது.

கடைசியில் பங்கு ஃபண்டிலேயே 10,000 ரூபாய் போட்டார். அன்று இரவு விலை 84.37. கணக்கில் ஏறியது 118.520 யூனிட். கால்குலேட்டரை எடுத்தார். கணக்கு கிட்டத்தட்ட 50 பைசா உதைத்தது. அது 2020 ஜூலை முதல் யூனிட் வாங்குகிற எல்லோரும் கட்டும் முத்திரைத் தீர்வை, 0.005 சதவீதம். அந்த 50 பைசாவுக்காக மறுநாள் காலை கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பேரம் பேசினார். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையின் சிகரம்.

பிறகு அவருடைய ஏஜென்ட் புது ஃபண்ட் ஒன்றோடு வந்தார். "யூனிட் 10 ரூவாதான் சார்!" மாமாவின் கண்கள் மின்னின. 84 ரூபாய்க்கு விற்பது 10 ரூபாய்க்கு! இந்த 10 ரூபாய் மயக்கத்தில் விழுந்தவர்கள் நாட்டில் ஏராளம். 1 லட்ச ரூபாய்க்கு 10 ரூபாய் விலையில் 10,000 யூனிட் வரும். 500 ரூபாய் விலையில் 200 யூனிட் வரும். உள்ளே இருக்கும் பங்குகள் 10 சதவீதம் ஏறினால் இரண்டுமே 1,10,000தான். வெங்காயத்தில் கிலோ விலை குறைந்தால் லாபம். யூனிட் விலை குறைவு என்பதில் அப்படி எந்த லாபமும் இல்லை. இதை நான் தாளில் எழுதியே காட்டினேன். "ஆனா எண்ணிக்கை ஜாஸ்தி வருதுல்ல?" என்றார். வந்தது. வாங்கினார்.

இவ்வளவு பேரம் பேசுகிற மனிதர், குறைக்கக்கூடிய ஒரே விலையைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஃபண்டை நடத்தும் செலவு, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, ஒவ்வொரு நாளும் என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடுகிறது. ரசீது வராது, குறுஞ்செய்தி வராது. ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் அவருடைய கமிஷனும் அதற்குள் அடக்கம். 2013 ஜனவரி முதல் அதே ஃபண்டை கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானாகவும் வாங்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் 1 சதவீதம் என்றால் 10 லட்சத்துக்கு வருஷம் 10,000 ரூபாய். 50 பைசாவுக்குப் போன் போட்டவர், இதைச் சொன்னபோது, "பாவம், அந்தப் பையனும் பொழைக்கணும்ல" என்றார்.

இன்னமும் விலை இறங்கட்டும் என்று 2.55 வரை காத்திருந்துதான் பணம் அனுப்புகிறார். 2021 பிப்ரவரியிலிருந்து எவ்வளவு சிறிய தொகையானாலும் 3 மணிக்குள் ஃபண்டின் கணக்கில் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைய விலை. நீங்களாவது காலையிலேயே அனுப்பிவிடுங்கள். காலை 9 மணிக்கு அனுப்பியவருக்கும் 2.55-க்கு அனுப்பிப் பிழைத்தவருக்கும் ராத்திரி வரும் விலை ஒன்றுதான்.